இரட்டை எட்டு

ஜனவரி 3, புதன்

பழைய இரும்புக் கடை மாரப்பன் நாலணாக் காசுகளைக் கிலோ கணக்கில் விற்கிறான். செல்லாக் காசு. உருக்கினால் எவர்சில்வர், அவ்வளவுதான் அவன் கணக்கு. இன்று மூன்று கிலோ வாங்கி வந்தேன். காசுக்கு ஒன்றாக ஆயிரத்துச் சொச்சம் காண்டாமிருகங்கள். பழைய போர்வையை விரித்து ஜன்னலோரம் கொட்டியபோது வந்த சலசலப்பு இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது.

எங்கள் நாணயச் சங்கத்தில் முப்பது உறுப்பினர்கள். அதில் இருபத்தொன்பது பேர் மடையர்கள். விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாயை யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து வாங்கலாம். அதை வெல்வெட் பெட்டியில் வைத்து ஆட்டிக்காட்ட மூளை வேண்டாம், பை கனமாக இருந்தால் போதும். ஊரே கைமாற்றி, உண்டியலில் போட்டு, கடைசியில் குப்பைக்குத் தள்ளிய நாலணாவை எடுத்து, ஆண்டு வாரியாகப் பிரித்து, வருடத்துக்குக் கீழே நட்சத்திரமா வைரமா புள்ளியா என்று எந்த நாணயச் சாலையில் அடித்ததென்று பார்த்து, அதற்குள்ளும் எண்ணின் வால் சற்று நீண்டிருக்கிறதா, இடைவெளி குறைந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவது வேறு ஜாதி வேலை. பத்து லட்சம் பேர் கையில் இருந்தும் ஒருவன் கண்ணிலும் படாத ஒன்று என் கண்ணில் பட்டால், அந்த நிமிடம் உடம்பே சிலிர்த்துப்போகும். அதைச் சொன்னால் இந்தக் கூட்டத்துக்குப் புரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

நான் முப்பத்திரண்டு வருடம் மில்லில் துணிச் சோதனை மேஜையில் நின்றவன். ஓடுகிற துணியில் ஓர் இழை விட்டிருந்தால் கையை உயர்த்தி மெஷினை நிறுத்தியவன். தெய்வசிகாமணி கண்ணில் பட்டால் தப்பாது என்று மேனேஜரே சொல்வார்.

ஜனவரி 9, செவ்வாய்

மரகதம் வாங்கி வந்த பல்பு சுத்த மோசம். மூன்றாவது முறை மாற்றச் சொல்லியாயிற்று. "ஏனுங்க, எல்லா பல்பும் நல்லாத்தான் எரியுது, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்கிறாள். முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியும் வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் வித்தியாசம் தெரியாத பெண்.

பத்திரிகையின் அச்சும் இப்போதெல்லாம் கேவலம். எழுத்துக்கு எழுத்து மை வழிகிறது. அந்தக் காலத்தில் இப்படி அச்சடித்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள்.

1988 முடிந்தது. 290 காசு, எல்லாம் தேய்ந்தவை. ஒன்றும் தேறவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

கிடைத்துவிட்டது!

காலை ஒன்பதே முக்கால். ஜன்னல் வெயில் மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. 1989, நட்சத்திரக் குறி. இடது கண்ணை மூடி வலது கண்ணில் லென்ஸை வைத்தேன். எட்டு இரண்டாகத் தெரிந்தது. ஒரு எட்டு, அதன் வலது மேல் ஓரத்தில் மயிரிழை தள்ளி இன்னொரு எட்டின் விளிம்பு. காசைக் கீழே வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி பார்த்தேன். இருக்கிறது!

காசடிக்கும் அச்சைச் செய்யும்போதே எண் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்துவிட்டால், அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் இப்படி நிழல் எண் இருக்கும். அமெரிக்கக் காசில் ஒன்று சிக்கினால் அந்த ஊர்க்காரன் குதிப்பான். நம் நாலணாவில் இப்படி ஒன்று இருப்பதாக எந்தப் பட்டியலிலும் இல்லை. வீட்டிலிருக்கிற நான்கு புத்தகத்தையும் புரட்டிவிட்டேன்.

மரகதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "காண்டாமிருகம் அழகா இருக்குதுங்க" என்றாள்.

ஜனவரி 15, திங்கள்

மாட்டுப் பொங்கல். வந்தவர்கள் எப்போது போவார்கள் என்று இருந்தது. இரட்டை எட்டு இதுவரை ஆறு.

ஜனவரி 19, வெள்ளி

பதினான்கு. பளபளப்புக் குறையாத காசுகளில் நன்றாகத் தெரிகிறது, தேய்ந்தவற்றில் தெரிவதில்லை. இயல்புதான்.

ஸ்டூடியோக்காரனிடம் கொண்டுபோய்ப் படம் எடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். நிழல் எட்டு விழவே இல்லை. "இங்க ஒரே எட்டுத்தான் இருக்குதுங்க சார்" என்றான். அத்தனை லட்சம் போட்டுக் கேமரா வாங்கி என்ன, குருடன் கையில் கண்ணாடி. வீட்டுக்கு வந்து நானே பென்சிலில் வரைந்தேன். கை வரைகிறதை விடவா கேமரா பார்த்துவிடும்?

திரும்பும்போது சிங்காநல்லூர் பஸ் என்று ஏறினால் அது வேறெங்கோ போகிற பஸ். நெற்றியில் எண் எழுதுகிறவனுக்கும் ஒழுங்காக எழுத வரவில்லை. கண்டக்டரிடம் சொன்னேன். பதிலுக்குச் சிரித்தான், தடியன்.

ஜனவரி 28, ஞாயிறு

மாதக் கூட்டம். நீளமாக எழுத வேண்டும்.

தலைவர் அர்த்தநாரி பெயின்ட் கடைக்காரர். சோழர் காசுக்கும் பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஹாலுக்கு வாடகை அவர் தருகிறார், அதனால் தலைவர். பதினோரு வருடமாக நான் துணைத் தலைவர், அதாவது விஷயம் தெரிந்தவன். நான் பேச எழுந்தால் சமோசா தின்கிற சத்தம் கூட நின்றுவிடும்.

காசையும் லென்ஸையும் சுற்றுக்கு விட்டேன். அர்த்தநாரி முதலில் பார்த்தார்.

"அண்ணா! பிரமாதமுங்கண்ணா! சும்மா கண்ணாடியாட்டத் தெரியுதுங்க!"

அடுத்தவர் பார்த்தார். தெரிந்தது. அதற்கடுத்தவருக்கும் தெரிந்தது. ஒருவர் லென்ஸ் வாங்காமலேயே "ஆமாமாங்க" என்றார். கண் மூடி முழிப்பதற்குள் காசு கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அங்கே நவமணி.

இந்த நவமணி பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பிடத்தில் மேஜை போட்டுக் காசு வாங்குகிறவள். நாற்பது வயதிருக்கும். ஒன்றரை வருடம் முன்பு, அங்கே வந்த ஒரு வினோதமான இரண்டு ரூபாயைக் கொண்டுவந்து காட்டி, உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டாள். சந்தா கட்டினால் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்வது அர்த்தநாரியின் பெருந்தன்மை. அவள் காசை வாங்கி, லென்ஸை வைத்து, நிறைய நேரம் பார்த்தாள். வேண்டுமென்றே நேரம் கடத்துகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒத்தை எட்டுத்தானுங்க சார் தெரியுது."

"நல்லாப் பாரும்மா" என்றேன்.

"பாத்துட்டனுங்க. சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களே காசை மெதுவாத் திருப்பிப் பாருங்க. அச்சுலயே அப்படி இருந்தா, காசு திரும்பறப்ப அந்த நெழலும் கூடத் திரும்போணுமில்லீங்க? தலைகீழாப் புடிச்சா நெழலு கீழ வரோணும்."

எனக்குப் பாடம் எடுக்கிறாள்! முப்பது பேர் முன்னால்!

"கக்கூஸ் வாசல்ல உக்காந்து காசு பொறுக்கறவளுக்கு நுணுக்கம் எங்கிருந்தும்மா வரும்? பினாயில் நெடியில கண்ணு அவிஞ்சு போயிருக்கும், பாவம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. நவமணி காசைக் கைக்குட்டையில் துடைத்து மேஜையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சமோசா கூடச் சாப்பிடவில்லை.

"விடுங்கண்ணா, அதுக்கென்ன தெரியும்" என்றார் அர்த்தநாரி. சங்கத்தின் மாத மடலில் என் கட்டுரை வருகிறது. என் பென்சில் படத்தோடு.

ஜனவரி 29, திங்கள்

காசைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பிப்ரவரி 10, சனி

மடல் வந்தது. முதல் பக்கம். 'துணைத் தலைவரின் கழுகுக் கண்' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். இதுவரை நான்கு போன். கரூரில் ஒருவர் மூன்று கண்டுபிடித்துவிட்டாராம். ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவர் ஏழு வைத்திருக்கிறாராம், முன்பே தெரியுமாம், சொல்லவில்லையாம். பொய்யன். எவனோ தெரு காட்டிய பிறகு எனக்கும் வழி தெரியும் என்பவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

மரகதம் உப்புமாவில் ரவையோடு இருந்த வண்டை எடுக்காமல் கிண்டிவிட்டாள் என்று சத்தம் போட்டேன். அது கடுகாம். இருக்கலாம்.

பிப்ரவரி 14, புதன்

1991-இலும் எண்ணுக்கு நிழல் இருக்கிறது! 94-இலும்! அத்தனை வருடமும் அதே வலது மேல் ஓரம். ஒரு நாணயச் சாலை முழுக்கவே கோளாறு போலிருக்கிறது. இது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லை. சந்தோஷத்தில் காலைச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

பிற்பகலில் வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

திருப்பினேன்.

பிப்ரவரி 17, சனி

வெயில் சரியில்லை.

பிப்ரவரி 21, புதன்

எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு, யார் படிக்கப் போகிறார்கள்.

காலை பத்து மணி, நல்ல வெயில். 1989-ஐ லென்ஸின் கீழ் வைத்து மெதுவாகத் திருப்பினேன். எட்டு படுத்தது. தலைகீழானது. நிழல் அசையவில்லை. எட்டு எப்படித் திரும்பினாலும் நிழல் மட்டும் வலது மேல் ஓரத்திலேயே நின்றது. காசைக் கீழே வைத்துவிட்டு லென்ஸால் நாள்காட்டியைப் பார்த்தேன். இருபத்தொன்றுக்கும் நிழல் இருந்தது.

லென்ஸில்தான் கோளாறு. புதிய லென்ஸ் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 22, வியாழன்

புதிய லென்ஸ். ஜெர்மன்காரன் செய்தது. அதிலும் கோளாறு.

பிப்ரவரி 25, ஞாயிறு

காய்ச்சல் என்று அர்த்தநாரிக்குச் சொல்லிவிட்டேன். கூட்டத்துக்குப் போகவில்லை. நவமணியும் வரவில்லையாம். "அது இனிமே வராதுங்கண்ணா, தொல்லை விட்டுது" என்றார். அடுத்த கூட்டத்தில் எனக்குப் பொன்னாடையாம். காசுக்கு 'தெய்வசிகாமணி இரட்டை எட்டு' என்று பெயர் வைத்துத் தீர்மானம் போட்டுவிட்டார்களாம்.

மார்ச் 1, வியாழன்

வாசல்படியில் இடறி விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. படியை யார் அங்கே வைத்தது என்று கத்தினேன். மரகதம் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"வீடு கட்டின நாள்ல இருந்து படி அங்கதானுங்க இருக்குது. ஆறு மாசமா நீங்க செரைக்கறப்ப அங்கங்க விட்டுட்ட தாடியத் தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். சொன்னா என்மேலதான் எரிஞ்சு விழுவீங்க. நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். வரமாட்டேன்னு சொன்னீங்கன்னா சோறு கெடையாது."

இவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 2, வெள்ளி

டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை போல் இருக்கிறாள். இவள் என்ன பார்த்துவிடப் போகிறாள் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"லைட்டைச் சுத்தி வட்டம் தெரியுதுங்களா ஐயா?"

"இல்லை."

"எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்களா?"

மரகதம் என்னைப் பார்த்தாள். "எட்டு தெரியும்" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறதாம். இடது கண்ணில் ஆரம்பம். ஒரே கண்ணில் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும் வகையாம். "இவ்வளவு நாள் எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். மற்றவர்களைத் திட்டிச் சமாளித்தேன் என்று சொல்ல முடியுமா?

மார்ச் 8, வியாழன்

ஆபரேஷன். இருபது நிமிடம். இதை எழுதுவது மரகதம், நான் சொல்லச் சொல்ல. எழுத்துப் பிழை அவளுடையது. (இல்லைங்க. ம.)

மார்ச் 9, வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். கடுகு கடுகாகத் தெரிகிறது. பல்பைப் பார்த்தால் கண் கூசுகிறது. பத்திரிகைக்காரன் ஒழுங்காகத்தான் அச்சடித்திருக்கிறான். மரகதத்தின் இடது புருவத்தின் மேல் ஒரு சிறு தழும்பு இருக்கிறது. எப்போது பட்டது என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முன்பு அலமாரிக் கதவு இடித்ததாம், நான்தான் திறந்து போட்டிருந்தேனாம்.

மார்ச் 14, புதன்

குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. லென்ஸில் பார்க்கக் கூடாதென்று டாக்டர் சொல்லவில்லை.

இரட்டை எட்டு என்று தனியே எடுத்து, தனித்தனி உறையிலிட்டு, என் கையால் எண் எழுதிய காசுகள் அறுபத்திரண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒற்றை எட்டு. ஒற்றை எட்டு. ஒற்றை எட்டு. இருபதாவதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நானே தண்டனை போல அறுபத்திரண்டையும் பார்த்தேன். அத்தனையும் சுத்தமான, அழகான, ஒரு குற்றமும் இல்லாத அச்சு. மில்லில் இப்படித் துணி வந்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

அப்படியானால் அர்த்தநாரிக்குத் தெரிந்தது என்ன? கரூர்க்காரருக்கு மூன்று எங்கிருந்து வந்தது? நல்ல கண் உள்ள இருபத்தெட்டு பேர் இல்லாததைப் பார்த்திருக்கிறார்கள். இருப்பதைப் பார்த்தவள் ஒருத்தி. அவளை நான் பேசிய பேச்சை இந்த நோட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். 'நல்ல சிரிப்பு' என்றும் எழுதியிருக்கிறேன். இன்று அதைப் படித்தேன். அசிங்கமாக இருந்தது.

மார்ச் 20, செவ்வாய்

கறுப்புக் கண்ணாடியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நவமணி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டப்பா நிறையச் சில்லறை, ஒரு சின்ன லென்ஸ். வருகிற காசை வாங்கிக்கொண்டே, கூட்டம் ஓய்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் காசு தேடும்போது எனக்கு இருக்கிற அதே முகம். அந்தச் சந்தோஷத்தை இன்னொருவர் முகத்தில் நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை. பார்க்க முயன்றதும் இல்லை.

"வாங்க சார். அஞ்சு ரூவாங்க" என்றாள்.

"அதுக்கு வரலைம்மா."

சொன்னேன். புரை, ஆபரேஷன், அறுபத்திரண்டு காசு. நீ சொன்னதுதான் சரி, நான் பேசியது தப்பு, மன்னித்துவிடு என்றேன். வாழ்க்கையில் இந்த வார்த்தையை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தால் நினைவுக்கு ஒன்றும் வரவில்லை. பின்னால் ஒருவர், "ஏனுங்க பெரியவரே, தள்ளுங்க, அவசரமுங்க" என்றார். தள்ளி நின்றேன்.

அவள் அவரிடம் காசு வாங்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கண்ணு நல்லாயிட்டது சந்தோஷமுங்க சார். ஆனா அன்னைக்கு முப்பது பேரு இருந்தாங்க. இங்க நீங்களும் நானும் பினாயில் வாளியுந்தான் இருக்கறோம். இங்க சொன்னா எப்படீங்க?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னேன். "நீங்க சொல்றதா இருந்தா வர்றனுங்க" என்றாள்.

மார்ச் 24, சனி

நாளைக்குப் பேச வேண்டியதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். பொன்னாடையை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. 'தெய்வசிகாமணி இரட்டை எட்டு' என்று என் பேர் பட்டியலில் நிற்கும். இந்த அறுபத்தேழு வயதில் எனக்கென்று இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 25, ஞாயிறு

போனேன். நவமணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி இரண்டும் காலி.

அர்த்தநாரி பொன்னாடையை விரிப்பதற்குள் எழுந்துவிட்டேன். எழுதிக் கொண்டுபோனதைப் பார்க்கவில்லை. "இரட்டை எட்டு என்று ஒன்று கிடையாது. எனக்குக் கண்ணில் புரை. காசில் கோளாறில்லை, என் கண்ணில்தான் கோளாறு. நவமணி அன்றைக்கே சரியாகச் சொன்னார். காசைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். நான் அவரை உங்கள் எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசினேன். அது தப்பு. உங்கள் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அர்த்தநாரி என் தோளில் கை வைத்தார்.

"அண்ணா, பெரிய மனசுங்கண்ணா உங்களுக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆபரேஷன் பண்ணின கண்ணுங்க. முன்ன இருந்த கூர்மை இனி இருக்குங்களா? அதான் உங்களுக்குத் தெரிய மாட்டேங்குது."

"ஆமாமாங்க" என்றார்கள். மடலைப் படித்துவிட்டு வந்திருந்த கரூர்க்காரர் தன் மூன்று காசையும் எடுத்து என் முன் வைத்து, "இதுல பாருங்க, எம்மாம் பெருசு" என்றார். பார்த்தேன். ஒற்றை எட்டு. "திருப்பிப் பாருங்கள்" என்றேன். "எதுக்குங்க திருப்போணும், நேராவே தெரியுதுங்களே" என்றார். என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதெப்படி, கண்டுபிடித்தவர் பேர் இல்லாமல் காசுக்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பொன்னாடை என் தோளுக்கு வந்துவிட்டது. கை தட்டினார்கள்.

இவர்களை மடையர்கள் என்று இத்தனை காலம் எழுதிவந்தேன். நான் பேசினால் தலையாட்ட வேண்டும் என்று இவர்களைப் பழக்கியவன் யார்? எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவளுக்கு நான் கொடுத்த பரிசை எல்லோரும் பார்த்தவர்கள்தானே. நான் வளர்த்த மடமை இது, என் தோளிலேயே சரிகை போட்டுக் கிடந்தது.

கடைசி வரிசையில் நவமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, எழுந்துபோய் அவள் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பதினோரு வருடத்தில் இந்தச் சங்கத்தில் நான் சொன்ன எதையும், நவமணியைத் தவிர, ஒருவரும் மறுத்ததில்லை. இன்று அவளைத் தவிர அத்தனை பேரும் மறுத்தார்கள். நான் உண்மையைச் சொன்ன ஒரே நாளில்.